நம்மைச் சுற்றி வருபவை: வீட்டுப் பிராணிகளின் உடல்மொழி

(பாலமுனையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "பூனை வாலை ஆட்டுவதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் முதலில் சொல்கிறேன். நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த மூன்று செய்திகளைக் கொஞ்சம் மெதுவாகத் திரும்பக் கேட்போம்.

மதீனாவில் அன்சாரி ஒருவரின் தோட்டம். நபி (ஸல்) அவர்கள் உள்ளே நுழைகிறார்கள். அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகுகிறது. அதன் கண்ணில் நீர் வடிகிறது. அவர்கள் கிட்டப் போய் அதன் காதுக்குப் பின்புறத்தைத் தடவிவிடுகிறார்கள். ஒட்டகம் அடங்குகிறது. அதன் பிறகுதான் இதன் சொந்தக்காரர் யார் என்று கேட்கிறார்கள். பட்டினி போட்டு ஓய்வில்லாமல் வேலை வாங்குவதாக ஒட்டகம் முறையிட்டதைச் சொல்லிக் கண்டிக்கிறார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. அதே நூலில் இன்னொன்று. பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிடுகிறார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை அடித்துக்கொண்டு தவிக்கிறது. அங்கே திரும்பி வந்த நபியவர்கள் அந்தச் சிறகடிப்பைக் கண்டதுமே, குஞ்சை எடுத்து இதை வருத்தியவர் யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தது. கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தவர், ஈரமண்ணை நக்கும் நாயைப் பார்க்கிறார். சற்று முன் தனக்கு இருந்த தாகம்தான் இதற்கும் என்று உணர்ந்து, மறுபடி இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு வருகிறார்.

குத்பாக்களில் இந்த மூன்றையும் இரக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் மூன்றிலும் இரக்கத்துக்கு முன்னால் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஒருவர் பார்த்திருக்கிறார். கண்ணீரை, சிறகடிப்பை, நாக்கை. ஒட்டகத்தின் செய்தியில் உள்ள முஃஜிஸாத்தை உலமாக்கள் விளக்குவார்கள். நான் அதன் ஒழுங்கை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். முதலில் மிருகம், பிறகு அதற்கு இதமான இடத்தில் ஒரு தடவல், கடைசியில்தான் மனிதனிடம் விசாரணை. பார்க்கத் தெரியாதவனுக்கு இரங்குவதற்கு ஒன்றும் அகப்படாது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

மிருகங்களை நாம் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்க்கிறோம், ஆனால் நமக்காக. காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது தமிழில் மிகப் பழைய நம்பிக்கை. அதைப் பாடியதாலேயே நச்செள்ளையார் என்ற சங்கப் புலவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பல்லி சொல்வதற்குத் தனிச் சாத்திரமே உண்டு. பூனை குறுக்கே போனால் பயணம் நின்றுவிடும். சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் குசினி யன்னலில் காகம் இரண்டு தரம் கத்தினால் ஆணத்துக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுகிற மூத்தம்மாமார் இந்தக் கரையில் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் காகத்துக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. அது கத்தியதை நம் விலாசத்துக்கு வந்த தபாலாக எடுத்துக்கொள்கிறோம்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி இந்த ஊரில் குரல் தாழ்த்தித்தான் பேச வேண்டும். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அதையொட்டி உலகம் முழுவதும் ஒரு செய்தி பரவியது. யால வனத்தின் மிருகங்கள் அலை வருவதை முன்கூட்டியே அறிந்து மேட்டுக்கு ஓடித் தப்பிவிட்டன என்று. அன்று காலை நாய் ஊளையிட்டது, மாடு கயிற்றை இழுத்தது என்று சொல்வோர் நம்மிடையேயும் உண்டு. தற்செயலாக, யாலவில் இரண்டு யானைகளுக்கு அப்போது செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டப்பட்டிருந்தது. எரிக் விக்ரமநாயக்க, பிரிதிவிராஜ் பெர்னாண்டோ, பீற்றர் லைம்கிரூபர் ஆகிய ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைப் பரிசீலித்து 2006இல் கட்டுரை எழுதினார்கள். யானைகள் ஆபத்தை முன்னறிந்து ஓடியதற்கான அடையாளம் அவற்றின் நடமாட்டத்தில் இல்லை என்பது அவர்களின் முடிவு. இரண்டு யானையை வைத்து எல்லா மிருகத்துக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நில அதிர்வை நம்மைவிட நுட்பமாக உணரும் பிராணிகள் இருக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நாய் எத்தனையோ காலைகளில் ஊளையிட்டது. அந்த ஒரு காலையின் ஊளை மட்டும் நம் நினைவில் தங்கியது. துயரம் அப்படித்தான் நினைவைப் பொறுக்கியெடுக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மிருகத்தை அறிவதற்கு அது உதவாது என்று மட்டும் சொல்கிறேன்.

இனிப் பூனைக்கு வருவோம். நம் ஊர்களில் வீட்டுப் பிராணி என்றால் முதலில் பூனைதான். அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் வைத்துக்கொடுக்கிறார். பூனை ஒன்று வந்து குடிக்கப் பார்க்கிறது. அது வசதியாகக் குடிக்கும்படி அவர் பாத்திரத்தைச் சரித்துப் பிடிக்கிறார். மருமகள் திகைப்பதைக் கண்டு, பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். சுற்றி வருவது என்ற அந்த வருணனை எவ்வளவு துல்லியமானது என்று விலங்கியல் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வாலின் அடியிலும் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. உங்கள் காலைச் சுற்றி உரசும்போது தன் மணத்தை உங்களில் பூசி, உங்கள் மணத்தைத் தன்னில் எடுத்துக்கொள்கிறது. சோறு கேட்பதற்கு மட்டும் அப்படிச் செய்கிறது என்று நினைக்கிறோம். சாப்பிட்டு முடித்த பூனையும் உரசுகிறது.

வாலைப் பாருங்கள். செங்குத்தாக உயர்த்தி, நுனியை இலேசாக வளைத்துக்கொண்டு வருகிற பூனை ஸலாம் சொல்லிக்கொண்டு வருகிறது. குட்டியாக இருக்கும்போது தாயிடம் அப்படித்தான் போகும். இங்கிலாந்தில் ஷார்லட் கமரன் போமொன்ட் என்ற ஆய்வாளர் 1990களில் பூனையின் நிழலுருவங்களை வெட்டிப் பூனைகளுக்கு முன் வைத்துப் பார்த்தார். வால் உயர்ந்த உருவத்தைக் கண்ட பூனைகள் தங்கள் வாலையும் உயர்த்திக்கொண்டு கிட்டப் போயின. வால் தாழ்ந்த உருவத்திடம் அப்படிப் போகவில்லை. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நல்லது. பூனை வாலைப் பட்டுப்பட்டென்று அடித்தால் போதும், விடு என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளைகளின் கைகளில்தான் கீறல் இருக்கும்.

இன்னொரு குழப்பம் வயிறு. பூனை மல்லாந்து வயிற்றைக் காட்டினால் தடவச் சொல்கிறது என்று பிள்ளை கையை வைக்கும். நான்கு காலாலும் பிடித்துக் கடித்துவிடும். 'நன்றி கெட்ட பூனை' என்று பட்டம் கிடைக்கும். வயிற்றைக் காட்டுவது உன்னை நம்புகிறேன் என்பதன் அடையாளம். தொட அனுமதி என்று எல்லாப் பூனையும் நினைப்பதில்லை. நம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தால் வருகிறவர் அலுமாரியையும் திறக்கலாமா?

கண். நேராக முறைத்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மெல்லச் சுருக்கி, பாதி மூடி, மெல்லத் திறந்தால் அதற்கு இதம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாஸ்மின் ஹம்ஃப்ரியும் கரென் மக்கோமும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மனிதர் அப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுகிறது. முன்பின் அறியாதவர் செய்தாலும் அவர் நீட்டிய கையை நோக்கி வருகிறது. செலவில்லாத பரிசோதனை, இன்றிரவே செய்து பார்க்கலாம். அதே மக்கோம் 2009இல் இன்னொன்றைக் காட்டினார். பூனை தொண்டைக்குள் 'குர்ர்' என்று இழுக்கிறதே, பசியில் இழுக்கும்போது அதற்குள் கைக்குழந்தையின் அழுகையை ஒத்த மெல்லிய குரல் ஒன்றைக் கலந்துவிடுகிறது. நாம் ஏன் எழும்பிப் போகிறோம் என்று நமக்கே தெரியாமல் எழும்பிப் போய் மீன்தலையைப் போடுகிறோம். மியாவ் என்பதும் பெரும்பாலும் நமக்கான பேச்சுத்தான். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படி அழைத்துக்கொள்வது மிகக் குறைவு.

'குர்ர்' என்றால் சந்தோசம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. காயம்பட்ட பூனையும் நோவில் கிடக்கும் பூனையும்கூட அந்தச் சத்தம் போடும். பூனை தனியாக வேட்டையாடி வாழ்ந்த இனத்தின் வாரிசு. நோவை வெளியே காட்டுவது அதற்கு ஆபத்து. ஆகவே முனகாது, அழாது, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுவிடும். 2019இல் மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பாவுலோ ஸ்டீகலின் குழுவினர் பூனையின் முகத்திலிருந்து நோவை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். காதுகள் விலகி வெளிப்பக்கம் திரும்புகின்றனவா, கண் இடுங்குகிறதா, மூக்கும் வாயும் இறுகுகின்றனவா, மீசைமயிர் நேராக விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. இந்த ஐந்தையும் பார்க்க மிருக வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கடுவன் பூனை முற்றத்து மணலைக் கிண்டிக் கிண்டி உட்கார்ந்து, ஒன்றும் போகாமல் எழும்பி, மறுபடி உட்கார்ந்தால் அது விளையாட்டல்ல, மலச்சிக்கலும் பெரும்பாலும் அல்ல. சிறுநீர் அடைத்திருக்கக்கூடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நாயைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் அதன் எச்சில் பற்றிய சட்டம் நமக்குத் தெரியும்; ஏழு தடவை கழுவுவதையும் பிள்ளையிலேயே படித்திருக்கிறோம். ஆனால் கால்நடைக்கும் வேளாண்மைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க அதே மார்க்கம் இடம் தந்திருக்கிறது. நம் வட்டைகளில் காவல் குடிலோடு ஒரு நாயும் எப்போதும் இருந்திருக்கிறது. குகைவாசிகளின் வரலாற்றில் அவர்களுடைய நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததைக் குர்ஆன் சொல்கிறது. படுத்திருந்த விதத்தையே சொல்கிறது. பஸராவின் அல்ஜாஹிஸ் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் ஹயவான்' ஏழு பாகம். அதில் முதல் இரண்டின் பெரும்பகுதி நாய் சிறந்ததா சேவல் சிறந்ததா என்ற வாதத்துக்கே போய்விடுகிறது. நாயை வீட்டுக்குள் விடாத சமூகம் நாயைக் கவனிக்காத சமூகமாக இருக்கவில்லை.

சார்ள்ஸ் டார்வின் 1872இல் மனிதரிலும் மிருகங்களிலும் உணர்ச்சி வெளிப்படுவது பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இரண்டு நாய்ப் படங்கள். தாக்க வரும் நாய் உடலை நிமிர்த்தி, மயிரைச் சிலிர்த்து, வாலை விறைத்து, காதை முன்னே நீட்டி, கண்ணை அசைக்காமல் நிற்கிறது. பணியும் நாய் ஒவ்வொன்றையும் நேர்மாறாக வைத்திருக்கிறது. எதிர் மனநிலை எதிர் உடலைக் கொடுக்கும் என்றார் டார்வின். நூற்றைம்பது வருடம் கழிந்தும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல், சொந்தக்காரரைக் கண்டால் நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடுவதாகக் கண்டார்கள். சுவையான செய்தி. தெருவில் நின்று அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

நாய் 'குற்ற உணர்வோடு' பார்க்கிறது என்று சொல்வோமே, அதைச் சோதித்தவர் நியூயோர்க்கின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். 2009இல் வெளிவந்த அந்த ஆய்வில் 14 நாய்கள். தின்னக்கூடாது என்று வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதில் சொந்தக்காரருக்குச் சில வேளை பொய்யான தகவல் கொடுக்கப்பட்டது. தலையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பி, ஒடுங்கிய அந்தப் பார்வை, தின்ற நாயிடம் அல்ல, ஏச்சு வாங்கிய நாயிடம் இருந்தது. தின்னாமலே ஏச்சு வாங்கியவற்றிடம் இன்னும் தூக்கலாக இருந்தது. அது மன்னிப்புக் கேட்கவில்லை, பயந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நாய்கள் நினைவுக்கு வரவில்லை. வகுப்பறைகள்தான் நினைவுக்கு வந்தன.

நாம் அவற்றை வாசிப்பதைவிட அவை நம்மை நன்றாக வாசிக்கின்றன. பேர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடை சொல்லும், குளம்பால் தட்டித் தட்டி. 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் அதன் இரகசியத்தை எழுதினார். விடைக்கான எண்ணிக்கை வந்ததும் கேட்டவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசைகிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. தெருமுனையில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்பதற்கு முன்பே உம்மா சட்டியை எடுக்க எழும்புவதைப் பார்த்து நம் பூனை கடப்படிக்குப் போய் நிற்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

உடல்மொழி தெரியாததால் உயிர் போகிற இடம் ஒன்று உண்டு. விசர் நாய்க்கடி. 1973இல் இலங்கையில் அந்நோயால் இறந்தவர்கள் 377 பேர். தடுப்பூசித் திட்டங்களால் அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. விசர் என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் நாய் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. இன்னொரு வகையில் நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், குரல் மாறியிருக்கும், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரக்கப்பட்டுக் கையை வாய்க்குள் விடுகிறவர்கள் உண்டு. பூனையிலும் இந்நோய் வரும். பொதுவான அடையாளம் ஒன்றுதான்: வழமைக்கு மாறான நடத்தை. வெறுப்புக் காட்டிய நாய் திடீரென்று குழைந்தாலும் சந்தேகப்படுங்கள். வழமை எதுவென்று தெரிந்திருந்தால்தான் மாறியதும் தெரியும்.

நோயில்லாத நாயும் கடிக்கும். கடிப்பதற்கு முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். உதட்டை நக்கும், தலையைத் திருப்பும், கடைக்கண் வெள்ளை தெரியப் பார்க்கும், பிறகு உடல் அப்படியே உறையும். அந்த உறைதலைக் கண்டால் ஓடக்கூடாது, கல்லுக்குக் குனியக்கூடாது, கண்ணுக்குள் பார்க்கக்கூடாது. கையை உடலோடு வைத்து மரம்போல் நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். கடித்தால், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். தேசிக்காயும் மஞ்சளும் மருந்தல்ல.

கோழியை அவசரமாகக் கடந்துபோகிறேன், அதற்குத் தனிச் சொற்பொழிவு வேண்டும். பருந்துக்கு ஒரு குரலும், கீரிக்கும் பூனைக்கும் வேறொரு குரலுமாகச் சேவல் எச்சரிக்கும். ஒன்றுக்குக் குஞ்சுகள் பதுங்கும், மற்றதற்குத் தலை நிமிர்த்தித் தேடும். வளவில் நின்று அரை மணித்தியாலம் கேட்டால் பிரித்தறியலாம்.

ஆடு. அதன் கண்மணி கிடையாக இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மார்ட்டின் பாங்ஸ் குழுவினர் 2015இல் விளக்கியபடி, தலை குனிந்து மேய்ந்தாலும் கண் சுழன்று அந்தக் கோட்டைத் தரைக்குச் சமாந்தரமாகவே வைத்துக்கொள்ளும். சுற்றுவட்டத்தின் பெரும்பகுதி அதன் பார்வையில். ஆகவே பின்னாலிருந்து எட்டிப் பிடிக்கிற கையைக் கண்டு வெருளாத ஆடு இல்லை. இலண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் சொன்னது: நல்ல நிலையில் உள்ள ஆட்டின் வால் கூடுதலாக உயர்ந்திருக்கும், காது பின்னுக்குச் சாய்வது குறையும், குரல் நடுங்காமல் சமமாக வரும். வால் தாழ்ந்து, கூட்டத்தை விட்டு விலகி நின்று, அசைபோடாமல் பல்லை நறநறவென்று கடிக்கிற ஆட்டுக்கு நோவு இருக்கிறது. மாட்டுக்குக் கண்வெள்ளை கூடுதலாகத் தெரிந்தால் அது கலங்கியிருக்கிறது. கழுத்துக்கு அடியில் சொறிந்துவிட்டால் தலையை நீட்டிக் கொடுக்கும். ஒட்டகத்தின் காதுக்குப் பின்னால் வைத்த கையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

செம்மறியாடு சக ஆடுகளின் ஐம்பது முகங்களை இரண்டு வருடத்துக்கு மறக்காமல் வைத்திருக்கும் என்று கீத் கென்ட்ரிக் 2001இல் காட்டினார். அறுப்பதற்காகக் கட்டி வைத்த இடத்திலும், தன்னோடு கட்டப்பட்டிருந்தது எது என்று அதற்குத் தெரியும். மிருகத்தின் முன்னால் கத்தி தீட்டுவதையே நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். நம்மில் பலர் கத்தியை மறைக்கிறோம். ஆனால் இரத்தம் காயாத மணலில் அடுத்த மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அது கால்களை ஊன்றி, கண் வெளுக்க, சாணம் கழித்துக்கொண்டு பின்னுக்கு இழுக்கும்போது 'முரட்டு மாடு' என்று இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம். அது முரடல்ல. அதற்குத் தெரிந்துவிட்டது.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும், கூட்டு உழ்ஹிய்யா நடத்தும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளில் கட்டுகிற இடத்துக்கும் அறுக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு கிடுகு வேலியாவது கட்டுங்கள். முதல்நாள் இரவே தண்ணீர் வையுங்கள். கயிற்றைப் பிடித்து வருபவர் மாட்டுக்குப் பழக்கமான ஆளாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் கொண்டுவருவதற்கு முன் அந்த மணலை மாற்றிவிடுங்கள்.